அலிகேட்ஸ்: அண்ணன் தம்பி நடத்திய ஒரு பேண்டின் கதை

நம்ம ஊர் திருவிழா ஆர்கெஸ்ட்ரா குழுக்களைப் பற்றிப் பேசிய எபிசோடுக்குப் பிறகு, பல பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருந்தீங்க: ஒண்ணா வாசிக்கிற பசங்க எப்படி நாற்பது, ஐம்பது வருஷம் தாக்குப்பிடிக்கிறது? அதுக்குப் பதிலா இன்னைக்கு ஒரு பேண்டோட கதை சொல்றேன்.

அறந்தாங்கி, கோட்டைப்பட்டினம், திருமயம் பக்கம் மலேசியாவில் சொந்தக்காரங்க இருக்கிற வீடுகள் நிறைய. அவங்ககிட்ட ‘அலிகேட்ஸ்’னு சொல்லிப் பாருங்க. உடனே முகம் மலரும்.

1960களின் கடைசியில் பினாங்கில் தொடங்கிய குழு இது. முன்னால் நின்று பாடியவர்கள் டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்ற தமிழ்ச் சகோதரர்கள். லோகநாதனை எல்லாரும் லோகா என்றுதான் கூப்பிடுவாங்க. பம்மென்று நிற்கிற சுருட்டை முடிதான் இவங்க அடையாளம். ஆரம்பத்தில் மற்ற பேண்டுகள் மாதிரியே, அடுத்தவங்க ஆங்கிலப் பாட்டுகளைக் கிளப்புகளில் பாடிக்கிட்டு இருந்தாங்க. 1970களில் ஹாங்காங் வரைக்கும் போய் வாசிச்சாங்க. வருமானம் வந்தது, கைப்பழக்கமும் வந்தது. ஆனா அடுத்தவங்க பாட்டைப் பாடுற வரைக்கும், அந்த இடத்துக்கு நாளைக்கு வேற யார் வேணும்னாலும் வரலாம்.

திருப்பம் மலாய் மொழியில் வந்தது. 1970களின் கடைசியில் மலாய் ஆல்பங்கள் போட ஆரம்பிச்சாங்க. எம். நாசிர், எஸ். அத்தான் போன்ற இசையமைப்பாளர்களின் பாட்டுகள் கிடைச்சது. ‘செஞும்லா குவாலா லும்பூர்’, ‘ஹிங்கா அகிர் நந்தி’ எல்லாம் நாடு முழுக்க ஒலிச்சது. சிறுபான்மைச் சமூகத்துப் பையன்கள் இரண்டு பேர், பெரும்பான்மையினரின் மொழியில் பாடி, எல்லார் வீட்டுக்கும் சொந்தமானாங்க. சாதாரண விஷயமில்லை.

அப்புறம் இறக்கம். 1980களின் பிற்பாதியில் சர்ச், விங்ஸ் மாதிரியான குழுக்கள் கனமான கிதார் சத்தத்தோடு வந்தன. இளைஞர் கூட்டம் அந்தப் பக்கம் சாய்ந்தது. குழுவுக்குள் ஆட்கள் மாறினாங்க. ஆனா மேடையை விடலை. 2007 ஜூனில் நுரையீரல் புற்றுநோயில் லோகா இறந்துபோனார். ‘நான் முன்னாடி போய்ட்டா’ என்ற பொருள் வரும் தலைப்பில் அவங்களுக்கு ஒரு பாட்டு உண்டு. அதற்குப் பிறகு அதைக் கேட்பவர்களுக்கு அது வெறும் காதல் பாட்டா இருந்திருக்க முடியாது. டேவிட் அதே பெயரில் தொடர்ந்து பாடினார்.

இதோட இன்னொரு கதையையும் வச்சுப் பாருங்க. 1984இல் மும்பையில் ‘ராக் மெஷின்’ தொடங்கியது. சொந்த ஆங்கிலப் பாட்டுகள். கல்லூரி விழாக்களில் பெரிய பெயர். 1993இல் ‘இண்டஸ் கிரீட்’ என்று பெயரை மாத்தினாங்க. 1997இல் கலைஞ்சாங்க. 2010இல் மறுபடி சேர்ந்து, 2012இல் ‘இவால்வ்’ என்ற ஆல்பம் போட்டாங்க. திறமையில் குறையில்லை. ஆனா இந்தியாவில் ஆங்கில ராக் கேட்கிற கூட்டம் சின்னது. அது ஒரு குழுவின் குடும்பங்களுக்கு வருஷம் முழுக்கச் சோறு போடுறது கஷ்டம்.

அப்போ நமக்கு என்ன? சீசன் நாலு மாசம் ஓடி, மிச்ச மாசம் பெயிண்ட் வேலைக்கும் ஆட்டோ ஓட்டவும் போகிற வாசிப்பாளர்கள் நம்ம மாவட்டத்தில் இருக்காங்க. ஒரு டிஜே செட் வந்தா பத்து பேர் வேலை போகுது. சினிமாப் பாட்டை அச்சு அசலா வாசிக்கிறதில் மட்டும் டிஜேவோட போட்டி போட முடியாது. அவன்கிட்ட அசலே இருக்கு. வருஷத்துக்கு இரண்டு பாட்டாவது சொந்தமா, ஊர்க்காரங்க வாயில் நிற்கிற மொழியில் போடுங்க. சம்பளக் கணக்கை நோட்டில் எழுதிப் பங்கு பிரிங்க. ஒருத்தர் போனா யார் பாடுவாங்கன்னு இப்பவே பேசி வைங்க.

உங்க குழு எத்தனை வருஷமா ஓடுது? குரல் பதிவா அனுப்புங்க, அடுத்த எபிசோடில் போடுறோம்.