தையலைப் பிரிக்கச் சொல்பவர்

இங்கே கழக்கூட்டத்தில், பெண்களுக்கான தேசியத் திறன் பயிற்சி நிறுவனத்தில் ஓராண்டுப் பயிற்றுநர் பயிற்சியை முடித்துச் சான்றிதழ் பெறும் உங்களுக்கு வாழ்த்துகள். இனி நீங்கள் இன்ஸ்ட்ரக்டர்கள். உங்களை எடைபோடுவது அதிகாரிகளின் வேலை என்று நினைத்திருப்பீர்கள். மாணவிகளையும் கேட்க வேண்டும் என்பது என் கட்சி.

நீங்கள் கற்பிக்கப்போகும் ஐ.டி.ஐ. பாடத்திட்டத்தில் ஓராண்டுக்கு 1,200 மணி நேரம். அதில் 840 செய்முறை. அவ்வளவு நேரமும் உங்கள் கைகளைப் பார்த்துக்கொண்டிருப்பவள் மாணவிதான். டிரஸ் மேக்கிங் வகுப்பில் ஒருத்தி சட்டைக்குக் கை வைத்துத் தைக்கிறாள். தோளருகே சுருக்கம் விழுகிறது. ஒரு பயிற்றுநர் துணியை வாங்கித் தாமே தைத்துக் கொடுத்துவிடுவார். சட்டை அழகாக அமையும், மதிப்பெண்ணும் விழும். இன்னொருவர் தையலைப் பிரிக்கச் சொல்வார், எந்த இடத்தில் துணியை இழுத்தாய் என்று கேட்பார், குண்டூசி குத்திப் பார்த்துவிட்டு மறுபடி தைக்க வைப்பார். அரைமணி நேரம் சுற்றிப் பார்க்க வரும் அதிகாரியின் கண்ணுக்கு இரண்டு சட்டைகளும் ஒன்றே. நடந்தது மாணவிக்குத்தான் தெரியும்.

கண்டிப்பில்லாதவரைத்தானே பிள்ளைகள் நல்லவர் என்பார்கள்? வெறும் வாதமல்ல இது. அமெரிக்க விமானப்படைக் கல்லூரியில் கேரல், வெஸ்ட் இருவரும் செய்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் உயர்வாக மதிப்பிட்ட ஆசிரியர்களிடம் தொடக்கப் பாடம் படித்தவர்கள், அடுத்தகட்டப் பாடங்களில் பின்தங்கியது தெரிந்தது. ஆனால் இதை வைத்து மாணவர் வாயை அடைப்பது அவசரம். “ஆசிரியரைப் பிடிக்கிறதா?” என்று கேட்டால் பிடித்ததைச் சொல்வார்கள். “பிழையை யார் திருத்தினார், நீயா அவரா? இயந்திரத்தில் உன் முறை வாரத்துக்கு எத்தனை தடவை வந்தது?” என்று கேட்டால் கண்டதைச் சொல்வார்கள். அவர்களை நீதிபதியாக்க வேண்டாம், சாட்சியாக்குங்கள். ஒருத்தி மனக்கசப்பில் எழுதலாம். வகுப்பே ஒன்றைச் சொன்னால் அது கசப்பாகாது. பயிற்றுநரின் தொழிலறிவு பழசா புதுசா என்பதை மாணவி அறியமாட்டாள், உண்மை. அதை அதிகாரிகள் பார்க்கட்டும்.

இந்தச் சாட்சியில் சிக்குபவர்கள் புதியவர்களல்லர். ஆசிரியராகத் தகாதவரையும் பவணந்தியாரின் நன்னூல் பட்டியலிட்டிருக்கிறது. அதில் முடத்தெங்கு, அதாவது வளைந்த தென்னை, ஒன்று: நட்டு வளர்த்தவன் ஒருவன், காய் விழுவது அடுத்தவன் வளவில். அரசுச் சம்பளத்தில் இருந்துகொண்டு மனதைச் சொந்தத் தையல்கடையில் வைத்திருப்பவர்களைப் பவணந்தியார் அன்றே பார்த்துவிட்டார் போலும்!

உங்கள் முதல் பேட்ச்சிடம் மூன்றாம் மாதமே கேளுங்கள், பெயர் எழுதாத தாளில். ஆண்டு முடிவில் கேட்டால் அந்தப் பிள்ளைகளுக்கு அதனால் ஒரு பயனுமில்லை.