ஒளியும் முகமும்



சென்ற ஆண்டு விழாவின் வீடியோப் படத்தை நாம் அனைவரும் கண்டோம். மௌலா அலிக் குன்றின் பாறைகள் வெயிலில் பளபளத்தன; முன்னே நின்று குத்துவிளக்கு ஏற்றிய முதிய அன்னையாரின் முகமோ நிழலாயிற்று. அவ்வன்னையார் இன்று நம்மிடையே இல்லை.

காரணம் யாது? நாம் கையாண்ட தானியங்கி முறை, காட்சி முழுவதன் ஒளியையும் சராசரியாக்கி நடுத்தரச் சாம்பல் நிறத்திற்குக் கொணர்வது. வெண்பாறை மிகுந்தால் முகம் இருளும். கருந்திரை மிகுந்தால் முகம் வெளிறும்.

நம் இளைஞர்கள் அப்படத்தைக் கணினியில் இட்டு, பாறையின் ஒளியை அடக்கி, நடு ஒளியை மட்டும் கையால் சிறிது சிறிதாக உயர்த்தினர். முற்றும் கருமையாய்ப் பதிந்ததை எம்முறையும் மீட்காது. நற்பேறாக முகத்தில் ஒளி எஞ்சியிருந்தது.

முன்னாளில் கோடாக் நிறுவனத்தார் நிறம் ஒப்பிட அனுப்பிய அட்டைகளில் வெண்ணிற மாதர் முகமே இருந்தது. நம் கருமுகங்களின் அளவை நாமே அறிதல் வேண்டாவோ?

தானியங்கிச் சைகை இருப்பினும் ரயில் ஓட்டுநர் பாதையினின்று கண்ணெடுப்பதில்லை. நூற்றுக்கணக்கான காட்சிகளுக்குப் பொறி முதற்பணி செய்யட்டும்; முகங்களை நம் கண்ணே காணட்டும்.

திருத்திய படம் இன்று இங்கே காட்டப்பெறும். அன்னையாரைக் கண்டு வணங்குவோம்.