கால் விரல் வீக்கமும் கைராசிக்காரர்களும்



இன்று நான் பேச வந்த விஷயம் கால் பெருவிரல். சிலர் சிரிக்கிறீர்கள். நடு இராத்திரியில் அந்த விரல் நெருப்பு வைத்தாற்போல் எரிந்து, போர்த்திய துப்பட்டி பட்டாலும் அலறியவர் யாராவது இங்கிருந்தால் அவர் சிரித்திருக்க மாட்டார். டாக்டர்கள் கவுட் என்று சொல்லும் வாத நோய் அதுதான்.

இதற்கு நம்மவர்கள் சொல்லும் காரணங்களோ அனேகம். சனியன் பிடித்தது என்கிறான் ஒருவன். முன் ஜென்மத்தில் யாரையோ எட்டி உதைத்த பாவம் என்கிறான் இன்னொருவன். உதைத்தவனுக்கெல்லாம் விரல் வீங்குவதானால் நம் ஊர்ப் பெரிய மனிதர்களில் எத்தனை பேர் இன்று நடமாட முடியும் என்று கேட்கிறேன்.

உண்மையில் நடப்பது என்ன? நம் உடம்பிலும், நாம் தின்னும் மாமிசத்திலும் மீனிலும் உள்ள ப்யூரின் என்னும் பொருள் சிதைந்து யூரிக் அமிலமாகிறது. அதில் மூன்றில் இரண்டு பங்கைச் சிறுநீரகம் வெளியே தள்ள வேண்டும். தள்ளுவது குறைந்தால் இரத்தத்தில் தேங்கும். ஒரு டெசிலிட்டருக்கு ஏறக்குறைய 7 மில்லிகிராமைத் தாண்டினால், உப்பளத்தில் உப்புப் பூப்பதுபோல் மூட்டுக்குள் ஊசி ஊசியாய்ப் பூக்கத் தொடங்கும். 1848-இல் இங்கிலாந்தில் காரட் என்ற டாக்டர் நோயாளிகளின் இரத்தத்தில் இந்த அமிலம் மிகுந்திருப்பதைக் காட்டினார். 1961-இல் அமெரிக்காவில் மெக்கார்ட்டி, ஹாலண்டர் என்ற இருவர் மூட்டில் ஊறிய நீரை எடுத்து, மைக்ராஸ்கோப்பில் அந்த ஊசிகளையே கண்டார்கள். முன் ஜென்மத்துப் பாவத்தை எவனாவது மைக்ராஸ்கோப்பில் கண்டதுண்டா?

இனி முக்கியமான சங்கதிக்கு வருகிறேன். இந்த வலி எந்த மருந்தும் இல்லாமலே ஒன்றிரண்டு வாரத்தில் தானாக அடங்கிவிடும். மந்திரக்காரன் மூன்றாம் நாள் கயிறு கட்டுகிறான். பன்னிரண்டாம் நாள் நோயாளி எழுந்து நடக்கிறான். பெருமையெல்லாம் கயிற்றுக்கு! கயிறே கட்டாத அடுத்த வீட்டுக்காரனும் பன்னிரண்டாம் நாள் நடந்தானே, அதை யார் கணக்கில் வைத்தார்கள்? கைராசி வைத்தியர், லேகியக்காரர் பிழைப்பும் இதே கணக்குதான். வலி போனாலும் ஊசிகள் போவதில்லை. அடுத்த வருஷம் கணுக்கால், பிறகு முழங்கால், பிறகு சுண்ணாம்புபோல் கட்டிகள், சிறுநீரகத்தில் கல். காய்ச்சலோடு மூட்டு வீங்கினால் அது சீழ் பிடித்த மூட்டாகவும் இருக்கலாம். அங்கே கயிறு கட்டிக் காத்திருந்தால் காலே போய்விடும்.

பீர், சாராயம், ஈரல், மத்தி, நெத்திலி, சர்க்கரை கலந்த புட்டிப் பானங்கள் இவற்றைக் குறைப்பது நல்லது. பருப்பை நிறுத்தச் சொல்லுவார்கள். பருப்பினால் இந்நோய் மிகுவதாக ஆராய்ச்சியில் தெரியவில்லை. ஆனால் பத்தியத்தினால் மட்டும் அமிலம் இறங்குவது சொற்பமே. பிறவியிலேயே அமிலத்தை வெளியேற்றும் சக்தி குறைந்தவர்கள் அனேகர். ஆதலால் நோயாளியைப் பார்த்துத் தின்று கொழுத்தவன் என்று ஏசுவது அறியாமை.

வலியை அடக்கும் கால்ச்சிசின் என்ற மருந்து நம் செங்காந்தளிலும் உண்டு. மூலனூர்ப் பக்கம் அதை விதைக்காகவே பயிர் செய்கிறார்கள். நம் நாட்டுச் சரக்குதானே என்று கிழங்கை இடித்துக் குடித்துவிடாதீர்கள். மருந்தளவுக்கும் சாவுக்கும் இடைவெளி மிகக் கொஞ்சம், உயிரிழந்தவர்கள் உண்டு.

அமிலத்தையே குறைக்க அலோபியூரினால் மாத்திரை 1966 முதல் இருக்கிறது. டாக்டர் சொற்ப அளவில் தொடங்கி, இரத்தத்தைப் பார்த்து, அமிலம் 6-க்குக் கீழ் இறங்கும்வரை ஏற்றுவார். அதன் பிறகும் தினம் சாப்பிட வேண்டும். முதல் சில மாதங்களில் பழைய ஊசிகள் கரையும்போது வலி மறுபடியும் வரக்கூடும். மாத்திரையை எறிந்துவிட்டு மந்திரக்காரனிடம் ஓடுவது பெரும்பாலும் அப்பொழுதுதான். அதைத் தடுக்க வேறு மருந்து உண்டு, டாக்டரிடம் கேளுங்கள். உடம்பில் தடிப்புக் கண்டால் மட்டும் அன்றைக்கே மாத்திரையை நிறுத்தி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.