வித்யா தானமும் விண்ணப்பப் படிவமும்

(மைசூரு கிளை உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கல்லூரிப் படிப்புக்கு உதவி என்ற விஷயம் பற்றிப் பத்து நிமிஷம் பேசும்படி நம் செயலாளர் பணித்தார். அடியேன் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு அரசாங்கத்தில் முப்பத்து நான்கு வருஷம் ஃபைல் பார்த்தவன், பேச்சாளன் அல்ல. ஆகவே எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

வாரச் சாப்பாடு என்றால் இங்கிருக்கும் பெரியவர்களுக்கு நன்றாகத் தெரியும். கன்னடத்தில் வாரான்னம் என்பார்கள். படிக்க வந்த ஏழைப் பையன் ஞாயிறு ஒரு வீடு, திங்கள் ஒரு வீடு என்று ஏழு வீடுகளில் சாப்பிட்டுப் படிப்பான். ஊரே ‘தாத்தையா’ என்று அழைத்த எம். வெங்கடகிருஷ்ணையா (1844–1933) ஆதரவற்ற பிள்ளைகளுக்காக இவ்வூரில் அநாதாலயம் ஏற்படுத்தினார். 2025 செப்டம்பரில் காலமான கன்னட எழுத்தாளர் எஸ்.எல். பைரப்பா, சிறு வயதிலேயே தாயை ப்ளேக் நோய்க்குப் பறிகொடுத்தவர். பிறர் வீட்டு அன்னத்தில் வளர்ந்து, மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்துத் தங்கப் பதக்கம் பெற்றார். பசித்தவனுக்கு இலை போட்ட அந்த வீட்டுத் தாய்மார்களுக்கு நாம் என்றும் கடன்பட்டிருக்கிறோம்.

ஆனால் அந்த ஏற்பாடு பையன்களுக்கு மட்டுமே இருந்தது. கணவனை இழந்த பெண் படிக்க விரும்பினால் அவளுக்கு எந்த வீட்டிலும் வாரம் கிடையாது. அதற்கு நம் சமூகமே பொறுப்பு. பால்ய விதவையான சிஸ்டர் சுப்புலட்சுமி 1911ல் சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்று, தம்மைப் போன்ற இளம் பெண்களுக்குத் தங்க இடமும் படிப்பும் கொடுத்தபோது, ஏச்சுப் பேச்சுக்குக் குறைவில்லை.

இன்னொருவர் ஏ. லலிதா. பிறந்தது 1919. பதினெட்டு வயதில் கணவர் இறந்தபோது கையில் நான்கு மாதப் பெண் குழந்தை. தகப்பனார் கிண்டி பொறியியல் கல்லூரிப் பேராசிரியர். பெண்ணைத் தைரியமாக அங்கேயே சேர்த்தார். குழந்தையைப் பிறந்த வீடு பார்த்துக்கொண்டது. மின் பொறியியல் பட்டம் பெற்ற அவர், பின்னாளில் பக்ரா நங்கல் அணையின் மின்பாதை வேலையிலும் பங்கு கொண்டார். அவருடைய சான்றிதழில் ‘அவன்’ என்று அச்சிட்டிருந்ததை அடித்து ‘அவள்’ என்று பேனாவால் திருத்திக் கொடுத்தார்களாம். படிவம் அவரை எதிர்பார்க்கவில்லை. ஆனால் திருத்த ஓர் அதிகாரிக்கு மனம் இருந்தது.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. 1980களில் நான் ஒரு மாவட்டத்தில் உதவித்தொகை விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் இடத்தில் இருந்தேன். ஒரு பெண்ணின் விண்ணப்பத்தில் தகப்பனார் வருமானம், கையொப்பம் இரண்டும் காலியாக இருந்தன. அவர் வீட்டை விட்டுப் போய் எட்டு வருஷம். நாலு வீட்டில் சமையல் செய்து காப்பாற்றிய தாயார் நேரில் வந்தார். “இருக்காரா இல்லையான்னே தெரியாதவர்கிட்ட எப்படி ஸார் கையெழுத்து வாங்கறது?” என்று கேட்டார். “பூர்த்தி செய்துகொண்டு வாருங்கள்” என்று நான் திருப்பி அனுப்பினேன். கணவர் இறந்திருந்தால் இறப்புச் சான்று காட்டியிருப்பார். விட்டுப் போனவருக்கு என்ன சான்று? மேலதிகாரிக்கு நாலு வரி குறிப்பு எழுதிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கடைசித் தேதி கழிந்தது. அந்தப் பெண் கல்லூரி போனாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ரிடையர் ஆன பிறகும் அந்தக் காலி இடம் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

இன்று உதவிகள் நிறையவே உள்ளன. பிளஸ் டூ தேர்வில் தங்கள் போர்டில் முதல் இருபது சதவீதத்துக்குள் வந்து, குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்தால், மத்திய அரசின் திட்டத்தில் பட்டப் படிப்புக்கு வருஷம் 12,000 ரூபாய்க்கு விண்ணப்பிக்கலாம். தொழில்நுட்பப் படிப்பில் சேரும் பெண்களுக்குப் பிரகதி, பெற்றோரைக் கோவிடிலோ வேறு விதத்திலோ இழந்து அநாதையானவர்களுக்கு ஸ்வநாத் என்று ஏ.ஐ.சி.டி.இ. திட்டங்கள் வருஷம் 50,000 ரூபாய் தருகின்றன. வருமான வரம்பு 8 லட்சம். 2024ல் வந்த பி.எம். வித்யாலட்சுமியில் பட்டியலில் உள்ள கல்லூரிகளில் படிக்க ஈடு இல்லாமல் கடன் உண்டு. கர்நாடகத்தில் 2023 ஜூன் முதல் பெண்களுக்கு அரசு சாதாரண பஸ்ஸில் கட்டணம் இல்லை. வீட்டைவிட்டு நகர முடியாத தாய்மார்களுக்கு நம் ஊரிலேயே, 1996ல் தொடங்கிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது.

அப்படியானால் குறை எங்கே? கல்லூரி, ஃபீஸைச் சேரும்போதே கேட்கிறது. உதவித்தொகை பல மாதம் கழித்து வருகிறது. பணம் ஆதாருடன் இணைந்த வங்கிக் கணக்குக்குத்தான் போகும். மார்க் ஷீட்டில் ஒரு இனிஷியல், ஆதாரில் வேறு இனிஷியல் என்றால் அங்கேயே நின்றுவிடும். வருமானச் சான்றுக்குத் தாசில்தார் அலுவலகம் போக, வேலைக்குப் போகும் தாய் ஒரு நாள் சம்பளத்தை இழக்க வேண்டும்.

பணத்தால் தீராததும் உண்டு. நம் கிளையைச் சேர்ந்த ஒரு பெண், கணவர் காலமான பின் பட்டப் படிப்பில் சேர்ந்தாள். என்ன உதவி வேண்டும் என்று கேட்டேன். “ஃபீஸ் கட்டிட்டேன் மாமா. பரீட்சை முடியற வரைக்கும் சாயங்காலம் ரெண்டு மணி நேரம் குழந்தையை யாராவது பாத்துண்டா போதும்” என்றாள். அடுத்த வீட்டு மாமி பார்த்துக்கொண்டார். அவள் இப்போது இறுதி வருஷம். அமெரிக்காவில் பெரியா என்ற கல்லூரி, குழந்தையோடு வரும் மாணவர்களுக்கு வீடும், பக்கத்திலேயே குழந்தைக் காப்பகமும் வைத்திருக்கிறது. நமக்குக் கட்டடம் வேண்டாம், மாமிகள் இருக்கிறார்கள்.

ஆகவே எல்லா ஊர்க் கிளைகளுக்கும் என் விண்ணப்பம் இதுதான். ஒன்று, என்னைப் போல் ஃபைல் பார்த்து ரிடையர் ஆனவர்கள் இருவர் ஞாயிறுதோறும் உட்கார்ந்து விண்ணப்பம் பூர்த்தி செய்து கொடுக்கட்டும். தேவையானால் தாலுக்கா அலுவலகத்துக்கும் கூடப் போகட்டும். இரண்டு, உதவித்தொகை வரும்வரை ஃபீஸுக்கு வட்டியில்லாக் கைமாற்று நிதி ஒன்று இருக்கட்டும். திரும்பி வரும் பணம் அடுத்த பிள்ளைக்குப் போகட்டும். மூன்று, பரீட்சைக் காலத்தில் குழந்தை பார்த்துக்கொள்ள முன்வரும் தாய்மார்களின் பட்டியல் ஒன்று தயாராகட்டும்.

கடைசியாக ஒன்று. மேடையில் செக் கொடுத்து போட்டோ எடுப்பதை நிறுத்துவோம். வாரச் சாப்பாடு சாப்பிட்டவர்களுக்குப் பசியைவிடப் பெரிய துன்பம், பிறர் பார்க்கச் சாப்பிட்டதுதான். விட்டுப்போன கணவனைப் பற்றி நாலு பேர் முன் பதில் சொல்ல வேண்டுமென்றால், எந்தத் தாயும் வரமாட்டாள். கேட்காமல் கொடுப்போம், காலி இடம் இருந்தால் நாமே குறிப்பு எழுதுவோம்.

மைசூருவில் முதல் ஞாயிறு அடியேன் உட்காருகிறேன். இன்னொருவர் பெயர் கொடுத்தால் போதும்.