செங்கல்லும் ஓர் அமானத்தே

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

நம் பள்ளிக்குச் சொந்தமான பழைய செங்கல் கடைவரிசையை இடித்துவிட்டு அடுக்குமாடி வணிக வளாகம் எழுப்பலாம் என்ற யோசனை இவ்வாண்டு நிர்வாகத்தின் முன் வந்துள்ளது. வாடகை பெருகினால் மதரஸா பிள்ளைகளுக்கும் ஏழை விதவைகளுக்கும் உதவி பெருகும் என்பது அதன் நியாயம். அந்த நியாயத்தை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆயினும், முடிவெடுக்கும் முன் இதே ஊரில் நடந்த ஒரு வரலாற்றை நினைவூட்டுவது நம் கடமை எனக் கருதுகிறோம்.

அடையாற்றிலிருந்து அண்ணா சாலைக்குச் செல்வோர் பலரும் பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை அறிவர். மவுண்ட் ரோடு என்ற அந்தச் சாலையில், செந்நிறச் செங்கல்லும் வளைவுகளும் கூம்புகளுமாக 1897-இல் எழுந்த மாளிகை அது. அரசரோ ஆளுநரோ வாழ்வதற்காக அது கட்டப்படவில்லை. டபிள்யூ.இ. ஸ்மித் என்ற மருந்து வணிகரின் கடையாக அது எழுந்தது. 1934-இல் பாரத் இன்சூரன்ஸ் நிறுவனத்தின் கைக்கு வந்தது. காப்பீட்டுத் தொழில் 1956-இல் நாட்டுடைமையானபின் ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் சொத்தாயிற்று.

அதன் பாணிக்கு இந்தோ-சாரசெனிக் என்று பெயர். சாரசென் என்பது முஸ்லிம்களுக்கு ஐரோப்பியர் இட்ட பழைய பெயர். அந்தப் பாணியின் தொடக்கமாகப் பலரும் சுட்டுவது, 1768-இல் ஆற்காட்டு நவாப் வாலாஜாவுக்காகக் கட்டப்பட்ட சேப்பாக்கம் மாளிகையை. ஆங்கிலேய வணிகர் ஒருவர் மருந்து விற்க எழுப்பிய கடைக்கும் நம் முன்னோரின் கலை முகம் கொடுத்திருக்கிறது. அதைக் கட்டிய கைகளோ இந்நாட்டுக் கொத்தனார்களின் கைகள். எல்லாச் சமுதாயத்தாருக்கும் பங்குள்ள சொத்து அது.

அத்தகைய கட்டடம் பிற்காலத்தில் ஆளின்றிப் பூட்டிக் கிடந்தது. 2006-இல் இடிக்கும் வேலையும் தொடங்கிற்று. இன்டாக் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பு உயர் நீதிமன்றம் சென்று தடை பெற்றது. 2010-இல் கட்டடத்திற்குச் சாதகமாகத் தீர்ப்பும் வந்தது. ஆனால், தீர்ப்பு இடிப்பைத்தான் தடுக்கும். ஒழுகும் கூரையை அது அடைக்காது. வழக்கில் வென்ற பின்னரும் அக்கட்டடம் பல்லாண்டுகள் பாழடைந்தே நின்றது.

இந்த வாய்ப்பும் கிட்டாத கட்டடங்கள் உண்டு. அதே சாலையில் இருந்த ஸ்பென்சர் கடையின் பழைய கட்டடம் 1983-இல் எரிந்தது. நம்மவர் பலர் கடை வைத்துப் பிழைத்த மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்தது. பழைய புத்தகம் தேடி அங்கே அலைந்தவர்கள் இந்தச் சபையிலும் இருப்பீர்கள். அதன் இடத்தில் இரயில் நிலையக் கட்டடம் வந்துவிட்டது.

சகோதரர்களே! செங்கல் கட்டடம் முதுமையால் சாவதைவிடக் கவனிப்பின்மையால் சாவதே மிகுதி. முதலில் மழைநீர்க் குழாய் அடைபடும். சுவர் ஈரம் குடிக்கும். பறவை இட்ட எச்சத்திலிருந்து அரசங்கன்று முளைத்து, வேர் காரையைப் பிளக்கும். பின்பு யாரோ விரிசலில் சிமெண்டைப் பூசுவார்கள். சுண்ணாம்புக் காரை ஈரத்தை வெளியே விடும். சிமெண்டோ அதை உள்ளே அடைத்துச் செங்கல்லை உதிர்க்கும். அதன்பின் "கட்டடம் ஆபத்தானது" என்று எழுதப்படும். ஆபத்தை உண்டாக்கியது யார் என்று அந்தத் தாளில் எழுதப்படுவதில்லை.

நம் கடைவரிசையின் பின்சுவரிலும் ஓர் அரசங்கன்று நிற்கிறது. ஐந்தாண்டுகளாக ஒவ்வொரு தொழுகைக்கும் அதைக் கடந்தே வந்தோம், பிடுங்கச் சொல்லவில்லை. இந்தக் குற்றத்தில் முதல் பங்கு நம்முடையது.

பழுதானதை மீட்க முடியுமா என்று கேட்பீர்கள். சேப்பாக்கம் மாளிகையின் கலச மகால் 2012-இல் தீப்பற்றிக் கூரை சரிந்தது. பொதுப்பணித் துறை அதே சுண்ணாம்பு, செங்கல், தேக்கு கொண்டு அதை மீட்டெடுத்தது. பின்னர் அங்கே பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இடம்பெற்றது. எரிந்த மாளிகைக்கே இது கூடியதென்றால், ஒழுகும் கடைவரிசைக்குக் கூடாதா?

வக்ஃபு என்பதன் பொருளே, மூலம் நிலைத்திருக்க அதன் பலன் நல்வழியில் செல்வதாகும். அதைக் காப்பவர் உரிமையாளர் அல்லர், அமானத்தைச் சுமப்பவர். ஒருபோதும் இடிக்கவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. உயிருக்கு ஆபத்து எனில் உயிரே பெரிது. அது உண்மையில் ஆபத்தா, நம் அலட்சியமா என்று அறிந்த பின்னரே கடப்பாரை எடுக்க வேண்டும் என்கிறோம்.

எனவே நிர்வாகத்திடம் மூன்று கோரிக்கைகளை வைக்கிறோம். மழைக்காலத்துக்கு முன் குழாய்களைத் திறந்து, செடிகளை வேரோடு நீக்குங்கள். சுண்ணாம்பு வேலை அறிந்த பொறியாளரைக் கொண்டு சோதித்து, பழுது நீக்கும் செலவையும் புதிதாய்க் கட்டும் செலவையும் ஜமாஅத்தின் முன் வையுங்கள். அங்கே பிழைக்கும் வாடகைதாரர்களையும் அழைத்துக் கேளுங்கள்.

முன்னோர் செங்கல் செங்கல்லாகச் சேர்த்து நம்மிடம் தந்தார்கள். நம் பிள்ளைகளிடம் எதை ஒப்படைத்தோம் என்ற கேள்விக்கு நாணாமல் பதில் சொல்லும் நிலையை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.