பழைய கைக்கடிகாரமும் ஒரு ரப்பர் வளையமும்



பினாங்கு ஜார்ஜ் டவுனில், நகர விளையாட்டரங்கத்தை ஒட்டி, லோரோங் கூலிட் என்று ஒரு தெரு உண்டு. தமிழில் சொன்னால் தோல் சந்து. காலை வேளையில் அங்கே பழம்பொருள் சந்தை கூடும். தரையில் படுதா விரித்துப் பழைய நாணயம், இசைத்தட்டு, பித்தளைச் சாமான், துருப்பிடித்த சுத்தியல் என்று பரப்பி வைத்திருப்பார்கள். அவற்றின் நடுவே ஒரு தட்டில் கைக்கடிகாரங்கள் குவிந்து கிடக்கும். முள் இல்லாமல் எண்களால் நேரம் காட்டும் டிஜிட்டல் கடிகாரங்களும் அந்தக் குவியலில் இருக்கும். அவற்றிலும் சில, கடலில் முக்குளிப்பவர்களுக்கென்றே தடித்த உடலோடு செய்யப்பட்டவை. 1980-களில் வந்த இந்த வகையைத் தேடித் தேடிச் சேர்ப்பவர்கள் இன்று உலகெங்கும் இருக்கிறார்கள்.

இது காசு உள்ளவர்களின் பொழுதுபோக்கு, தோட்டத்து மக்களாகிய நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். நம் வீட்டு அலமாரியைத் திறந்து பாருங்கள். கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குப் போட்டது, தேர்வில் தேறிய பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்தது, தாத்தா கட்டியது என்று ஏதாவது ஒன்று நின்றுபோய்க் கிடக்கும். அதை எறிந்துவிடலாமா, விற்கலாமா, பையன் கையில் கட்டிக்கொண்டு குளிக்கப் போகலாமா என்பதெல்லாம் நம் வீட்டுக் கேள்விகள்தாம்.

முதலில் சற்று வரலாறு பார்ப்போம். எண் காட்டும் மின்னணுக் கைக்கடிகாரம் 1972-ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவின் ஹாமில்டன் நிறுவனம் பல்சர் என்ற பெயரில் அதை வெளியிட்டது. தங்க உறையோடு அதன் விலை 2,100 டாலர். பொத்தானை அழுத்தினால்தான் சிவப்பு எண்கள் ஒளிரும். எப்போதும் எரிந்தால் பேட்டரி தாங்காது. நான்கே ஆண்டுகளில், 1976-இல், டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனம் 20 டாலருக்குப் பிளாஸ்டிக் கடிகாரம் விற்றது. அடுத்த ஆண்டு அதுவும் 10 டாலருக்கு இறங்கியது. அரசர் கையில் இருந்தது கூலிக்காரர் கைக்கு வர ஐந்து ஆண்டுதான் பிடித்தது. இதற்கிடையே ஜப்பானியர்கள், பேட்டரியை மிகக் குறைவாகத் தின்னும் திரவப் படிகத் திரையைக் கொண்டுவந்தார்கள். சாம்பல் நிறத் திரையில் கறுப்பு எண்கள் எப்போதும் தெரியுமே, அதுதான் இது.

அதே 1972-இல்தான் பினாங்கில் பாயான் லெப்பாஸ் தடையற்ற வாணிப வட்டாரம் தொடங்கியது. அப்போது முதலமைச்சராக இருந்தவர் டாக்டர் லிம் சொங் இயூ. வெளிநாட்டு மின்னணு ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. சிவப்பு எண் விளக்குகள் செய்த லித்ரோனிக்ஸ் வந்தது, நேஷனல் செமிகண்டக்டர் வந்தது, இந்தெல் வந்தது. இந்தெல் நிறுவனம் அதே ஆண்டில் மைக்ரோமா என்ற டிஜிட்டல் கடிகார நிறுவனத்தையும் வாங்கியது. நட்டம் கண்டு 1978-இல் அந்தத் தொழிலையே விட்டது. அதை நிறுவியவர்களில் ஒருவரான கோர்டன் மூர், அந்த மைக்ரோமா கடிகாரத்தைப் பல ஆண்டுகள் கையில் கட்டியிருந்தாராம், நட்டக் கணக்கை மறக்காமல் இருப்பதற்காக!

அந்த ஆலைகளில் உருப்பெருக்கிக் கண்ணாடி வழியே பார்த்து, தலைமயிரைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லில் பொருத்தியவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள். கம்பத்திலிருந்தும் நகரத்திலிருந்தும் வந்தார்கள். தோட்டத்து லயங்களிலிருந்தும் போனார்கள். விடியலில் பால் வெட்டப் போன தாய், இரவு முறைக்கு ஆலைப் பேருந்து ஏறிய மகள் என்று இரண்டு வேலையும் ஒரே வீட்டில் நடந்த காலம் அது. சேர்ப்பவர்கள் கடிகாரத்தின் முகப்பில் உள்ள நிறுவனப் பெயரைத்தான் பார்க்கிறார்கள். மின்னணுக் கருவிகளின் வயிற்றுக்குள் இருக்கும் கைவேலையை யாரும் விலை பேசுவதில்லை.

உள்ளே என்ன நடக்கிறது? கவட்டை போன்ற ஒரு சிறு பளிங்குத் துண்டு மின்சாரம் பட்டால் நொடிக்கு 32,768 தடவை அதிர்கிறது. அந்த எண்ணை இரண்டால் வகுத்துக்கொண்டே வாருங்கள்: 16,384, 8,192, 4,096... பதினைந்தாம் தடவை சரியாக ஒன்று வரும். அந்த ஒன்றுதான் ஒரு நொடி. சில்லு செய்யும் வேலை இந்த வகுத்தல்தான். எங்கள் பள்ளியில் இதைக் கரும்பலகையில் போட்டால், வகுத்தல் என்றாலே முகம் சுளிக்கும் பிள்ளைகள்கூடக் கடைசி ஒன்று வரும்வரை விடமாட்டார்கள்.

இனி முக்குளிப்புக் கடிகாரத்துக்கு வருவோம். தண்ணீருக்குள் ஒவ்வொரு பத்து மீட்டர் இறங்கும்போதும், நம்மைச் சுற்றியுள்ள காற்று மண்டலம் தரும் அழுத்தத்தின் அளவு இன்னொரு முறை கூடுகிறது. இருபது மீட்டர் ஆழத்தில் கரையில் இருப்பதைப்போல் மூன்று மடங்கு. அந்த அழுத்தம் எந்த இடுக்கிலும் நீரைத் திணிக்கப் பார்க்கும். இதற்கென அனைத்துலகத் தர விதி ஒன்று 1982-இல் வந்தது. குறித்த ஆழத்தைவிடக் கால் பங்கு கூடுதலான அழுத்தத்தில் கடிகாரம் தாங்க வேண்டும் என்பது அதன் சோதனைகளில் ஒன்று.

அதே 1982-இல் ஜப்பானின் செய்கோ நிறுவனம் எச் 558 என்ற கடிகாரத்தை வெளியிட்டது. முள்ளும் உண்டு, மேலே எண் திரையும் உண்டு. 150 மீட்டர் ஆழம் குறித்தது. நடிகர் ஆர்னால்ட் ஸ்வார்செனெக்கர் 1985-இல் வந்த 'கமாண்டோ' படத்திலும், 1987-இல் வந்த 'பிரிடேட்டர்' படத்திலும் அதைக் கட்டி நடித்ததால், சேர்ப்பவர்கள் அதற்கு ஆர்னி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். 1983-இல் காசியோவின் முதல் ஜி-ஷாக் வந்தது. தந்தை கொடுத்த கடிகாரம் கீழே விழுந்து நொறுங்கிய வருத்தத்தில், உடையாத கடிகாரம் செய்யப் புறப்பட்ட கிக்குவோ இபே என்ற பொறியாளரின் படைப்பு அது. 1985-இல் சிட்டிசன் நிறுவனத்தின் அக்குவாலண்ட், முக்குளிப்பவர் இறங்கிய ஆழத்தையே திரையில் எண்ணாகக் காட்டியது. பக்கவாட்டில் கொழுக்கட்டைபோல் புடைத்திருக்கும் உணர்கருவிதான் அதற்கு அடையாளம்.

அந்த 1982-ஆம் ஆண்டை நம் பெரியவர்கள் வேறு ஒரு காரணத்துக்காக நினைவில் வைத்திருப்பார்கள். சபா, சரவாக் நேரத்தோடு ஒன்றாக்குவதற்காக, சனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்களை அரை மணி முன்னே தள்ளினோம் அல்லவா? கடிகாரம் மாறியது, விடியல் மாறவில்லை. பால் மரத்துக்குக் கடிகாரம் தெரியாதே!

மரம் என்றதும் ரப்பர் நினைவுக்கு வருகிறது. இந்தக் கடிகாரங்களின் உயிர் எதில் இருக்கிறது தெரியுமா? எஃகு உறையிலும் தடித்த கண்ணாடியிலும் இல்லை. பின்மூடிக்கும் உறைக்கும் நடுவே நூல்போல் உட்கார்ந்திருக்கும் ஒரு ரப்பர் வளையத்தில் இருக்கிறது. பொத்தான் ஒவ்வொன்றின் தண்டிலும் அதேபோல் ஒரு குட்டி வளையம் உண்டு. நீரைத் தடுப்பவை இவைதாம். பெரும்பாலும் இது நம் மரத்துப் பால் அன்று. எண்ணெயும் வியர்வையும் தாங்குவதற்காக ஆலையில் செய்த செயற்கை ரப்பர். ஆனாலும் மூப்பு அதற்கும் உண்டு. ரப்பர் பட்டையை வெயிலில் போட்டால் சில நாளில் பிசுபிசுத்து, பிறகு வெடித்துப் போவதை நாம் பார்த்திருக்கிறோம். வளையமும் ஆண்டுகள் ஆக ஆக இறுகும், நசுங்கிய நிலையிலேயே நின்றுவிடும். பிறகு மீண்டு எழும்பாது. மூடிக்கும் உறைக்கும் இடையில் கண்ணுக்குத் தெரியாத வழி திறந்துவிடும்.

ஆகவே, நாற்பது ஆண்டுக்கு முந்திய கடிகாரத்தில் 200 மீட்டர் என்று எழுதியிருந்தால், அது புதிதாக இருந்தபோது கொடுத்த வாக்கு என்று கொள்க. இன்று அதற்குப் பத்து காசு மதிப்பில்லை. பத்து ஃபெரிங்கி கடற்கரையில் அதைக் கட்டிக்கொண்டு இறங்கினால், அரிய பொருள் ஒரு நொடியில் குப்பையாகும். அதன் ஆழக் கணக்கை நம்பி உண்மையாகவே முக்குளிப்பவருக்கோ உயிருக்கே ஆபத்து. பேட்டரிக்காகத் திறக்கும்போதெல்லாம் புது வளையம் போட்டு, சிலிக்கோன் பசை தடவி, அழுத்தச் சோதனைக் கருவி உள்ள கடையில் பார்த்துக்கொள்வதே முறை.

சந்தையில் எடுத்துப் பார்க்கும்போது கண்ணாடியின் உட்புறம் பாருங்கள். மங்கலான பனிப்படலம் இருந்தால் ஈரம் புகுந்திருக்கிறது. சந்தேகம் இருந்தால், கையில் வைத்துச் சூடேறிய கடிகாரத்தின் கண்ணாடிமேல் குளிர்ந்த நீர் ஒரு சொட்டு விடுங்கள். உள்ளே படலம் படிந்தால் வைத்துவிட்டு நடையைக் கட்டலாம். திரையில் மை கொட்டியதுபோல் கறுப்புத் திட்டு பரவியிருந்தால் அந்தத் திரை போனதுதான். ஆனால் எண்களில் ஒரு கோடு மட்டும் விட்டுப்போயிருந்தால் பயப்பட வேண்டாம். திரையையும் சில்லுப் பலகையையும் இணைப்பது, மின்சாரம் கடத்தும் பட்டையும் கடத்தாத பட்டையும் மாறி மாறி அடுக்கிய ஒரு ரப்பர் துண்டு. வரிக்குதிரைத் துண்டு என்பார்கள். அதில் அழுக்கு சேர்ந்தாலும் கோடு விடும். சாராயம் தொட்டுத் துடைத்தால் பல நேரம் திரும்பி வரும். பாருங்கள், இங்கேயும் ரப்பர்தான்.

கைப்பட்டையும் உறைமேல் உள்ள பிளாஸ்டிக் கவசமும் பினாங்கின் ஈரக் காற்றில் பிஸ்கட்டுபோல் உதிரும். புதுக் கவசம் போட்டதைப் பழையது என்று விற்பதும் உண்டு. ஆர்னியைப் பொறுத்தவரை, 2019-இல் செய்கோவே அதே உருவத்தில் புதிதாக ஒன்று வெளியிட்டது. முகப்பில் சோலார் என்று இருந்தால் அது புதியது. சூரிய ஒளியில் ஓடுவது.

பழைய செய்கோவின் பின்மூடியில் ஆறு இலக்க வரிசை எண் இருக்கும். முதல் இலக்கம் ஆண்டின் கடைசி எண், இரண்டாவது மாதம். ஒன்று முதல் ஒன்பது வரை எண்ணாக இருக்கும். அக்டோபருக்கு ஓ, நவம்பருக்கு என், டிசம்பருக்கு டி என்ற ஆங்கில எழுத்து. ஐந்தும் மூன்றும் என்று தொடங்கினால் மார்ச் மாதம், 1985-ஆக இருக்கலாம். பத்தாண்டைக் கடிகார வகையைக் கொண்டு முடிவு செய்ய வேண்டும். வீட்டில் உள்ளதை எடுத்துப் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுங்கள். தாத்தா எந்த ஆண்டு வாங்கினார் என்று நடந்த வாக்குவாதம்கூடத் தீரலாம்.

நின்றுபோன கடிகாரத்தைப் பேட்டரியோடு அலமாரியில் போட்டு வைக்காதீர்கள். பேட்டரி கசிந்து செம்புத் தடங்களைப் பச்சையாக அரித்துவிடும். மூடியைத் திறக்கும்போது மயிரிழை போன்ற ஒரு சுருள்வில் துள்ளி விழலாம். அது போனால் அலாரம் ஒலிக்காது. ஆகையால் வெள்ளைத் துணியை விரித்துக்கொண்டு திறக்க வேண்டும். புதுப் பேட்டரி போட்டும் திரை வெறுமையாக இருக்கிறதா? சில காசியோக்களில் ஏசி என்று எழுதிய ஒரு புள்ளி இருக்கும். அதையும் பேட்டரியின் மேற்புறத்தையும் இடுக்கியால் இரண்டு நொடி சேர்த்துத் தொட்டால் எண்கள் எழும்.

எடுத்த பழைய பேட்டரியை மேசைமேல் வைக்காதீர்கள். காசு போன்ற அந்த வட்டத்தைக் குழந்தை விழுங்கிவிட்டால், தொண்டைக் குழாயில் தங்கி, இரண்டே மணி நேரத்தில் சதையை ஆழமாகப் புண்ணாக்கும். தீர்ந்த பேட்டரியும் இதைச் செய்யும். இருபது மில்லிமீட்டர் அகலமுள்ள லித்தியம் வகை மிகவும் கொடியது. விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே போதும், இருமலோ வாந்தியோ வரட்டும் என்று காத்திராமல், வாந்தி எடுக்க வைக்காமல், உடனே அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோக வேண்டும். வண்டி இல்லாவிட்டால் 999-க்கு அழையுங்கள். பேட்டரி என்று முதல் வார்த்தையிலேயே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். எடுத்த பேட்டரியின் இரு பக்கமும் ஒட்டுநாடா சுற்றி, மூடியுள்ள டப்பாவில் போட்டு, பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் வைத்திருந்து, நகரத்துக்குப் போகும்போது மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடலாம்.