அந்த வாசலில் யார் உட்காருவது?



தகடூர் என்ற இந்தத் தர்மபுரியில் மேடை ஏறுகிறவர்கள் அதியமானையும் ஔவையையும் தொடாமல் இறங்குவதில்லை. நானும் தொட்டுவிடுகிறேன், ஆனால் பெருமைக்காக இல்லை. அவன் அவளுக்கு நெல்லிக்கனி கொடுத்த இதே மண்ணில்தான் பிறந்த பெண் குழந்தையின் வாயில் கள்ளிப்பாலும் ஊற்றினார்கள். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்குத் தர்மபுரியில் இருந்த பெண் குழந்தைகள் 826. அப்போது தமிழ்நாட்டின் சராசரி 942. இடைவெளியில் காணாமல் போன குழந்தைகளுக்குப் பெயர்கூட வைக்கப்படவில்லை.

அந்தக் கொடுமைக்கு அரசு சொன்ன முதல் பதில் தொட்டில். 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம், 2001-இல் நம் மாவட்டத்துக்கும் வந்தது. “உன்னால் வளர்க்க முடியாதா? கொல்லாதே, எங்களிடம் கொடு.” அவ்வளவுதான் அதன் செய்தி. அந்தத் தொட்டிலில் கிடந்து உயிர் பிழைத்த பெண்கள் இன்று எங்கோ படிக்கிறார்கள், வேலைக்குப் போகிறார்கள். அந்தத் திட்டத்தைக் குறை சொல்ல எனக்கு நா எழாது.

ஆனால் தொட்டிலுக்கு முன்பே இங்கே இன்னொன்றும் நடந்தது. அதை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை. 1998-இல் தர்மபுரி கிராமங்களில் ‘கலைப்பயணம்’ என்று வீதி நாடகக் குழுக்கள் ஊர் ஊராகப் போயின. நடித்தவர்கள் பெரும்பாலும் உள்ளூர் இளைஞர்கள், பெண்கள். அரசு சுகாதாரத் துறையே பின்னால் நின்றது. கோயில் முன்பும் பள்ளிக்கூடத் திடலிலும் ஊர்க்காரர்களின் கதையையே ஊர்க்காரர்கள் முன் ஆடிக் காட்டினார்கள். கொலைகாரி என்று எந்தத் தாயை நோக்கியும் விரல் நீட்டவில்லை. வரதட்சணையை, மாமியார் வாயை, ஊர் வாயைப் பேசினார்கள். 2011 கணக்கெடுப்பில் 826 என்பது 913 ஆனது. அத்தனையும் நாடகத்தாலோ தொட்டிலாலோ வந்தது என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் ஊருக்குள் இறங்கிப் பேசினால் ஊர் கேட்கும் என்பதற்கு இந்த மாவட்டமே சாட்சி.

இதற்குள் ஒரு வேடிக்கையையும் பாருங்கள். கையடக்க ஸ்கேன் கருவியை வைத்துக்கொண்டு, வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்லிக் காசு பார்த்த கும்பல்கள் இதே மாவட்டத்தில் பிடிபட்ட செய்தியை நாம் எல்லோரும் படித்தோம். அவர்கள் ஆஸ்பத்திரி போர்டு மாட்டவில்லை. வீட்டுக்குள்ளேயே கடை விரித்தார்கள். கெட்டது செய்கிறவனுக்கு வீட்டுக்கு வழி தெரிகிறது, நல்லது செய்கிறவர்களுக்குத் தெரிய வேண்டாமா!

சரி, பிறந்து, பிழைத்து, வளர்கிற குழந்தையின் கதைக்கு வருவோம். கொல்லப்படுகிற குழந்தை செய்தியாகிறது. கவனிப்பாரற்றுக் கிடக்கிற குழந்தை செய்தியாவதில்லை. சளி கட்டி மூச்சுத் திணறுகிறது, “நாளைக்குப் பார்க்கலாம்” என்று மூன்று நாள் ஓடுகிறது. இரண்டு வயதாகியும் பேச்சு வரவில்லை, யாரும் அதனிடம் பேசவில்லை என்பதே காரணமாக இருக்கிறது. மூடாத தண்ணீர்த் தொட்டி, கிணற்று மேடு, அடுப்பு, பூச்சிமருந்து டப்பா. இவற்றுக்கு நடுவே ஒரு குழந்தை தானாகத் தவழ்ந்து வளர்கிறது.

இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் 75-ஆம் பிரிவு, பொறுப்பில் இருப்பவர் குழந்தையைத் துன்பத்துக்கு ஆளாகும்படி புறக்கணித்தால் மூன்றாண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. சரியான சட்டம்தான். யார்மேல் போடுவீர்கள்? புருஷனும் பெண்டாட்டியும் கட்டட வேலைக்குப் பெங்களூரு போய்விட்டார்கள். கைக்குழந்தை பாட்டியிடம். பாட்டி விடிந்தால் நூறு நாள் வேலைக்குப் போகிறாள். பத்து வயது அக்கா பள்ளிக்கூடம் போகாமல் தம்பியை இடுப்பில் சுமந்துகொண்டு நிற்கிறாள். பாட்டி மேலா? பெங்களூரில் மூட்டை தூக்குகிற அம்மா மேலா? இடுப்பில் சுமக்கிற அந்தப் பத்து வயசு மேலா? அந்தப் பெண்ணும் கவனிக்கப்பட வேண்டிய குழந்தைதானே, ஐயா!

கொடூரத்தால் பிள்ளையை வதைக்கிறவர்கள் உண்டு. அவர்களைப் போலீஸ் பார்த்துக்கொள்ளட்டும், குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் போடுங்கள், தயங்காதீர்கள். நான் பேசுவது மீதிப் பேரைப் பற்றி. களைத்துப் போனவர்கள், பதினெட்டு முடியாமலே கல்யாணம் ஆனவர்கள், குடிக்கிற கணவனோடு மல்லுக்கட்டுகிறவர்கள், பிரசவத்துக்குப் பின் ஏன் என்றே தெரியாமல் அழுதுகொண்டிருக்கிறவர்கள். இவர்கள் மேல் வழக்குப் போடுவதால் குழந்தைக்கு ஒரு வாய்ச் சோறு கூடப் போகாது. இவர்கள் வீட்டுக்கு, கெட்டது நடப்பதற்கு முன்பே, யாராவது போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

இது என் கற்பனை இல்லை. அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தின் எல்மைரா என்ற சிறு நகரத்தில், 1970-களின் பின்பாதியில் டேவிட் ஓல்ட்ஸ் என்பவர் 400 கர்ப்பிணிகளைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினார். பலர் இளவயதுக்காரிகள், ஏழைகள். அதில் ஒரு பகுதியினர் வீட்டுக்குக் கர்ப்பகாலம் முதல் குழந்தைக்கு இரண்டு வயதாகும்வரை செவிலியர்கள் போய்வந்தார்கள். பதினைந்து ஆண்டு கழித்துப் பார்த்தால், அந்த வீடுகளில் குழந்தை வதை, புறக்கணிப்பு என்று பதிவான சம்பவங்கள் மற்ற வீடுகளைவிடக் கிட்டத்தட்டப் பாதிதான். ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. வீட்டுக்குள் அடிதடி மிக அதிகமாக இருந்த குடும்பங்களில் செவிலியர் போயும் இந்தப் பலன் கிடைக்கவில்லை. இதை நம் ஊரில் நாம் கல்வெட்டில் பொறித்துக்கொள்ள வேண்டும். டாஸ்மாக்கிலிருந்து திரும்பி வருகிறவனைத் தொடாமல், அம்மாவுக்கு மட்டும் அறிவுரை சொல்லிவிட்டு வந்தால் காரியம் நடக்காது.

ஜமைக்காவில் 1980-களில் வளர்ச்சி குன்றிய குழந்தைகள் 129 பேரை எடுத்துக்கொண்டார்கள். அதில் ஒரு பகுதிக் குழந்தைகள் வீட்டுக்கு வாரம் ஒருமுறை, இரண்டு வருஷம், ஒரு சுகாதாரப் பணியாளர் போய் அம்மாவுக்குக் குழந்தையோடு விளையாடக் கற்றுக்கொடுத்தார். வீட்டிலேயே செய்த சாமான்கள்தான் பொம்மை. இருபது ஆண்டுக்குப் பிறகு அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிட 25 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். நம் ஊரில் புளியங்கொட்டைக்குப் பஞ்சமா? காலி பாட்டிலில் நாலு புளியங்கொட்டையைப் போட்டு மூடினால் கிலுகிலுப்பை ஆயிற்று. அதை ஆட்டிக்காட்டிக் குழந்தையோடு பேச அம்மாவுக்குப் பத்து நிமிஷம் கிடைக்க வேண்டும், அங்கேதான் சிக்கல்.

கடல் தாண்டிப் போக வேண்டாம் என்றால், 1980-இல் தமிழ்நாட்டின் சில மாவட்டங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தைப் பாருங்கள். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை மாதம் தவறாமல் குழந்தைக்கு எடை. எடை ஏறாமல் நின்ற குழந்தைக்கு மட்டும் சத்துணவு, ஏறியதும் நிறுத்தம். எனக்கு மிகவும் பிடித்தது அதன் பணியாளரைத் தேர்ந்தெடுத்த விதம். அதே ஊர்ப் பெண்ணாக இருக்க வேண்டும், ஏழையாக இருந்தும் தன் பிள்ளையை நன்றாக வளர்த்தவளாக இருந்தால் முன்னுரிமை. அவள் சொன்னால், “உனக்கென்ன, வசதி இருக்கு” என்று யாராலும் வாயடைக்க முடியாது.

இன்றைக்கு என்ன இருக்கிறது? நிறைய இருக்கிறது, நன்றி சொல்லத்தான் வேண்டும். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி 18,000 ரூபாய். வீடு தேடி வரும் பச்சிளங்குழந்தைப் பராமரிப்பில், ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தைக்கு 42 நாளுக்குள் ஆறு வருகை. அதற்குப் பிறகு 3, 6, 9, 12, 15-ஆம் மாதங்களில் ஐந்து வருகை. ஏட்டிலாவது அப்படி. பதினைந்தாம் மாதத்தோடு முடிந்தது. குழந்தை ஓடத் தொடங்கி, எதையும் இழுத்துப் போட்டு, வாயில் வைத்து, அம்மாவின் பொறுமையைச் சோதிக்கிற காலம் அதற்குப் பின்னால்தான் வருகிறது.

அங்கன்வாடி அக்கா போகலாமே என்பீர்கள். போவார்கள், அவர்கள் கையில் நாம் திணித்திருக்கிற வேலையைக் கொஞ்சம் இறக்கினால். அங்கன்வாடிப் பதிவுக்கான போஷன் டிராக்கர் செயலியில் போட்டோ ஏறவில்லை, சிக்னல் இல்லை என்று சித்தேரி மலையில் போனை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறவரிடம் போய், “அக்கா, அந்த வீட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுங்க” என்று எந்த முகத்தோடு சொல்வது?

அந்த ஒரு மணி நேரம் எப்படி இருக்க வேண்டும்? நல்ல பணியாளர் செய்வதைச் சொல்கிறேன். உள்ளே நுழைந்ததும் எடை மெஷினை எடுப்பதில்லை. திண்ணையில் உட்கார்ந்து, “என்ன கண்ணு, நீ சாப்பிட்டியா?” என்று அம்மாவைக் கேட்கிறார். அம்மா காலையிலிருந்து சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் தெரிகிறது. பாட்டி களி கிண்டிக்கொண்டே காதை இங்கே வைத்திருக்கிறாள், அவளையும் பேச்சுக்குள் இழுக்கிறார். “நீங்க எத்தனை பிள்ளை வளத்தீங்க, நீங்க சொல்லுங்கம்மா” என்றதும் எதிரியாக இருந்த பாட்டி கூட்டாளி ஆகிறாள். தண்ணீர்த் தொட்டிக்கு ஒரு பலகை, பூச்சிமருந்துக்கு உயரத்தில் ஓர் ஆணி, இவ்வளவுதான் அன்றைய வேலை. போகும்போது, அப்பா என்றைக்கு வீட்டில் இருப்பார் என்று கேட்டு, அடுத்த வருகையை அந்த நாளுக்கு வைத்துக்கொள்கிறார். நோட்டில் எழுதுவது எல்லாம் தெரு முனை திரும்பிய பிறகு.

வேவு பார்க்கப் போனால் கதவு சாத்தப்படும். இரண்டு பெண் பெற்றவள் மூன்றாவது உண்டானால் ‘ஆபத்தான தாய்’ என்று பட்டியல் போட்ட காலம் இருந்தது. நல்லெண்ணம்தான். ஆனாலும் தன் பெயர் அப்படியொரு பட்டியலில் இருப்பது தெரிந்தவள் மனம் திறந்து பேசுவாளா? அதனால்தான் கேட்கிறேன், வருகை எல்லா வீட்டுக்கும் இருக்கட்டும். வாத்தியார் வீட்டுக்கும் போகட்டும், செங்கல் சூளைக்காரர் வீட்டுக்கும் போகட்டும். தேவை அதிகமுள்ள வீட்டுக்கு அடிக்கடி போகட்டும்.

பேச்சோடு காசும் வேண்டும். கணவனை இழந்தவள், படுத்த படுக்கையான பெற்றோர் போன்றோரின் பிள்ளைகளுக்கு மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உதவி இருக்கிறது, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனு கொடுக்க வேண்டும். பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு மாநில அரசின் ‘அன்புக் கரங்கள்’ மாதம் 2,000. எத்தனை பாட்டிகளுக்கு இது தெரியும்? மனுவை எழுதிக் கொடுத்து, கலெக்டர் ஆபீஸ் வரை கூட வருகிற ஆள் வேண்டும்.

கிராமசபை அக்டோபர் 2-ஆம் தேதி கூடும். உங்கள் ஊரில் குழந்தைகள் பாதுகாப்புக் குழு கடைசியாக எப்போது கூடியது என்று எழுந்து கேளுங்கள். பெற்றோர் வெளியூர் வேலைக்குப் போன வீடுகள் எத்தனை, அங்கே குழந்தைகள் யாரோடு இருக்கிறார்கள் என்று கணக்கு எடுக்கச் சொல்லுங்கள். ஒன்றரை வயது முதல் பள்ளியில் சேரும்வரை மாதம் ஒருமுறை வீட்டு வருகை, அதற்கென்று உள்ளூர்ப் பெண் ஒருவர், அவருக்கு ஒழுங்கான சம்பளம் என்று அரசைக் கேட்டுத் தீர்மானம் போடுங்கள். ‘சேவை’ என்று சொல்லி ஊக்கத்தொகையில் ஏமாற்ற வேண்டாம் என்பதையும் அதில் சேருங்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்காமல் யாரும் எழுந்து போகாதீர்கள்.